இத்தாவில் வரைந்த இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள்

ஒரு பெண்ணைப் பற்றி எழுதப் போனால் பொறுமை, ஈமான் என்கிற இறைநம்பிக்கை, இரக்கம் என்று தொடங்குவதுதான் எங்கள் ஊர் வழக்கம். நாங்கள் ராத்தா, அதாவது அக்கா, என்று கூப்பிட்ட ஜுனைதாவிடம் இந்த மூன்றும் தாராளமாக இருந்தன. ஆனால் நான் எழுத வந்தது அவருடைய வன்மத்தைப் பற்றி. ஐந்து வருடம் ஒரு வன்மத்தைக் கெட்டுப்போகாமல் வைத்திருந்தவர் அவர். அதில் எனக்கும் பங்கு உண்டு. குற்றத்திலும் உண்டு, பழிவாங்கியதிலும் உண்டு.

என் பெயர் நதீரா. கல்முனையில் ஒரு வெளிநாட்டு நிவாரண நிறுவனத்தில் தட்டெழுத்தும் கோப்பும் பார்த்தேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லமாட்டேன், அவர்களிடம் சட்டத்தரணிகள் அதிகம். முன்னூறு பேருக்கு மேல் ஊழியர்கள், கொடி கட்டிய பதினேழு வாகனங்கள். சுனாமியில் கடல் அடித்த மூன்றாம் வாரமே வந்து இறங்கிவிட்டார்கள்.

ஜுனைதா ராத்தா படவரைஞர். ஒரு நில அளவையாளரிடம் ஆறு வருடம் காணி வரைபடமும் வீட்டு வரைபடமும் வரைந்து பழகியவர். அவருடைய புருசன் அஸ்கி கடற்கரை வீதியில் வலையும் தூண்டிலும் விற்கிற கடை வைத்திருந்தார். இரண்டாயிரத்து நாலு டிசம்பர் இருபத்தாறு காலை கடை திறக்கப் போனவர் உயிரில்லாத மய்யித்தாகத்தான் திரும்பி வந்தார். மய்யித்தைத் தேடிக் கண்டுபிடித்துத் தோளில் தூக்கி வந்தவன் அப்துல் கபூர், அஸ்கியின் பள்ளிக்கூடக் கூட்டாளி. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ராத்தா ஏன் அவனை அப்படி நம்பினார் என்று விளங்காது.

கபூரை நான் அவன் என்றுதான் எழுதுவேன். ஒபிஸில் ஐந்து வருடம் சேர், சேர் என்று கூப்பிட்டது போதும்.

ராத்தாவின் வீடும் கடலோடு போய்விட்டது. மூன்று வயது மகள் ஸம்றாவைத் தூக்கிக்கொண்டு சம்மாந்துறையில் அஸீஸா மாமி வீட்டுக்குப் போனார். அங்கேதான் இத்தா இருந்தார். புருசன் மவுத்தான பெண் நாலு மாதம் பத்து நாள் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டோடு இருக்க வேண்டும். ஆனால் மாமி வீட்டு மண்டபம் முழுக்கக் கடற்கரையிலிருந்து ஓடி வந்த சொந்தக்காரர்கள். ஆகவே பின்னால் இருந்த நெல் அறையை மாமி கூட்டிக் கழுவிக் கொடுத்தார். ஒரு சின்ன ஜன்னல், அதற்கும் சேலை கட்டியாயிற்று. சுவரோடு ஒட்டி ஒரு பாய், அதற்குப் பக்கத்தில் சுவருக்கு நேராகவே ஒரு தொழுகைப் பாய். மண்டபத்திலும் பாய் சுவருக்கு நேராகத்தான் கிடக்கும் என்பதால் மாமி அப்படியே விரித்துவிட்டார். இந்தப் பாயை மறக்க வேண்டாம்.

இதற்கிடையில் கபூருக்கு நிறுவனத்தில் திட்ட இணைப்பாளர் வேலை கிடைத்தது. இங்கிலீசு வரும், சிங்களம் வரும், நாளுக்கு ஒரு சேட் மாற்றுவான். வீடு கட்ட வரைபடம் வேண்டும். படவரைஞர்களையெல்லாம் மற்ற நிறுவனங்கள் அள்ளிக்கொண்டு போய்விட்டன. அந்த நேரம் பென்சில் பிடிக்கத் தெரிந்தவனுக்கெல்லாம் மூன்று மடங்கு சம்பளம். ஜனவரி இருபதாம் திகதி அவன் என்னைத் தன் மேசைக்குக் கூப்பிட்டான். நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று நாள்.

“ஜுனைதா வீட்டோடதானே இரிக்கிறா. பலகை, தாள், பென்சில் எல்லாம் வேன்ல ஏத்தி அனுப்புறன். இருந்து வரைஞ்சி தரட்டும். சம்பளம் இத்தா முடிஞ்சி வந்தாப்போல மொத்தமாத் தருவம் எண்டு சொல்லு” என்றான்.

நான் போய்ச் சொன்னேன். ராத்தா அழுது வீங்கிய கண்ணோடு இருந்தார். பலகையைக் கண்டதும் எழும்பி உட்கார்ந்தார்.

“வேலையா? கொண்டா புள்ள. இல்லாட்டி எனக்குப் பைத்தியம் புடிச்சிரும்” என்றார்.

அன்றிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் வேன் சம்மாந்துறைக்குப் போகும். சாரதி வீதியிலேயே நிற்பார், நான் மட்டும் உள்ளே போவேன். வரைந்ததை வாங்கிக்கொண்டு அளவுத் தாள்களைக் கொடுத்துவிட்டு வருவேன். அஸர் நேரமாகிவிட்டால் ராத்தாவோடு நின்று அந்தப் பாயிலேயே தொழுதுவிட்டுப் புறப்படுவேன்.

வெளிநாட்டுப் பொறியியலாளர் ஒரே ஒரு மாதிரி வீட்டை வரைந்து அனுப்பியிருந்தார். எங்கள் ஊர்க் காணியைப் பார்த்திருந்தால் அப்படிச் செய்திருக்கமாட்டார். ஒவ்வொரு மகளுக்கும் வீடும் வளவும் கொடுத்துக் கொடுத்து எங்கள் காணிகள் கோணலும் மாணலுமாகத் துண்டாகிக் கிடப்பவை. ஒரு காணிக்குப் பொருந்துகிற வீடு பக்கத்துக் காணிக்குப் பொருந்தாது. ஆகவே ஒவ்வொரு வளவுக்கும் வீட்டைத் தனியாகத் திருப்பி, கிணறு எங்கே, மலசலகூடக் குழி எங்கே என்று தனித்தாளில் வரைய வேண்டும். ராத்தா நாளுக்கு இரண்டு வரைந்தார். சுபஹுக்கு எழும்பினால் விளக்கு வைக்கும் வரை குனிந்த தலை நிமிராது.

முதல் தாளிலேயே அவர் ஒரு பிழையைப் பிடித்துவிட்டார்.

“புள்ள, இந்தக் கக்கூசு எந்தப் பக்கம் பாக்குது தெரியுமா? கிப்லாவுக்கு நேரா. இதுல எங்கட ஆள் ஒருத்தனும் குந்தமாட்டான்.”

கிப்லா என்றால் நாங்கள் தொழுகைக்கு முகம் திருப்பும் மக்காவின் திசை. நிறுவனம் அனுப்பிய பெட்டியில் ஒரு திசைகாட்டி இருந்தது. ராத்தா அதைத் தொழுகைப் பாயின் மேல் வைத்துப் பாய் பார்க்கிற பாகையைக் குறித்துக்கொண்டார். பிறகு ஒவ்வொரு தாளிலும் வடக்கைக் காட்டும் அம்புக்குப் பக்கத்தில், அடியில் புள்ளி வைத்த இன்னொரு சின்ன அம்பு. அதைப் பார்த்து, குந்துகிறவரின் முகமும் முதுகும் கிப்லாவுக்குப் படாமல் மலசலகூடத்தைப் பக்கவாட்டில் திருப்பினார். அந்த வருடம் எங்கள் கரையில் வேறு நிறுவனங்கள் கட்டிய மலசலகூடங்கள் எத்தனையோ கோழிக்கூடாகவும் விறகு அடுக்கிற இடமாகவும் போயின. எங்கள் திட்டத்தில் ஒன்றுகூட அப்படிப் போகவில்லை.

தாளின் மூலையில் வரைந்தவர் பெயர் போடுவதற்கு ஒரு கட்டம் உண்டு. அதை வெறுமையாக விடச் சொல்லிக் கபூர் என்னிடம் சொல்லியனுப்பினான். “இத்தாவில இரிக்கிற பொம்பிளைட பேர் நாலு ஆம்பிளைட கையில போறது சரியில்ல. மறுகா போடலாம்.” எவ்வளவு பேணுதலான மனிசன் என்று நானும் நினைத்தேன், ராத்தாவும் நினைத்தார்.

மாதக் கடைசியில் என்னிடம் ஒரு பொதி கொடுத்தனுப்பினான். அரிசி, பருப்பு, சீனி, ஒரு பால்மாப் பெட்டி, சவர்க்காரம், ஒரு சேலை. கூடவே நாலாக மடித்த ஒரு படிவம், கையொப்பக் கோடு மட்டும் மேலே தெரிகிற மாதிரி.

“என்ன புள்ள இது?” என்று ராத்தா கேட்டார்.

“சும்மா ராத்தா. ஒபிஸ் வழக்கம்” என்றேன்.

அப்படிச் சொல்லச் சொன்னவன் கபூர்தான். ஆனால் நான் வேனில் வரும்போது படிவத்தை விரித்து வாசித்திருந்தேன். ‘பயனாளியின் கையொப்பம்’ என்று இருந்தது. கடல் அடித்த வீட்டுக்காரிதானே, கிடைத்தால் நல்லதுதானே என்று என்னை நானே சமாளித்துக்கொண்டேன். கேள்வி கேட்டால் வேலை போய்விடுமோ என்ற பயம். ராத்தா என் முகத்தைப் பார்த்தார், படிவத்தைப் பார்க்கவில்லை. கையொப்பம் வைத்தார். இப்படி நாலு மாதம், நாலு பொதி, நாலு கையொப்பம். இதை நினைக்கிற நேரமெல்லாம் எனக்கு என் மீதே ஆத்திரம் வரும்.

மே மாதத் தொடக்கத்தில் இத்தா முடிந்தது. அன்றைக்கு மண்டபத்தில் பெண்களோடு சேர்ந்து தொழ நின்ற ராத்தா அப்படியே திகைத்துப் போனார். மண்டபத்துப் பாய் வேறு பக்கம் பார்க்கிறது. திசைகாட்டியை வைத்துப் பார்த்தால் பதினெட்டுப் பாகை வித்தியாசம். அஸீஸா மாமி தலையில் அடித்துக்கொண்டார். நெல் அறை பிறகு கட்டியது, பின்னால் ஓடும் வாய்க்காலுக்குத் தோதாகக் கோணலாகத்தான் கட்டியது, அது அவருக்கு ஞாபகமே வரவில்லை. நாலு மாதம் பத்து நாளும் பிழையான பக்கம் பார்த்துத் தொழுதோமே என்று ராத்தா அழுத அழுகை சொல்லி முடியாது. நானும் அந்தப் பாயில் கொஞ்சம் தொழுதிருக்கிறேன். மௌலவியிடம் கேட்டனுப்பினோம். தெரியாமல் செய்தது, தொழுகை செல்லுபடியாகும், மலசலகூடமும் பக்கவாட்டில்தான் இருக்கிறது, ஒன்றும் பிழையில்லை என்று அவர் சொன்ன பிறகுதான் ராத்தா சோறு தின்றார். அதற்குள் இருநூற்றுப் பன்னிரண்டு தாள் வரைந்து முடித்திருந்தார். அடுத்த தாளிலிருந்து அம்பைச் சரியாகப் போட்டார்.

மே ஒன்பதாம் திகதி ஒபிஸுக்கு வந்தார். கபூர் நியமனக் கடிதத்தை நீட்டினான். காலை எட்டரை தொடக்கம் மாலை நாலரை வரை வேலை. சேவை ஆரம்பம், மே ஒன்பது.

“காக்கா, இத்தாவில வரைஞ்ச மூண்டரை மாசச் சம்பளம்?” என்று ராத்தா கேட்டார். புருசனின் கூட்டாளியை அவர் அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவார். நான் பக்கத்து மேசையில் இருந்தேன்.

“எந்த மூண்டரை மாசம்?” என்றான் கபூர். அலுமாரியைத் திறந்து ஒரு கோப்பை எடுத்தான். “இந்தா இரிக்கி. பயனாளி இலக்கம் முன்னூற்றிப் பதினேழு. நாலு மாசமும் சாமான் எடுத்திரிக்கீங்க, நாலு கையொப்பம் வெச்சிரிக்கீங்க. நிறுவனம் உங்களக் கைவிடல்லியே.”

“நான் வேலை செஞ்சன்.”

“நன்மையான காரியம் செஞ்சீங்க. வீடில்லாத சனத்துக்குச் செஞ்ச உதவி. அதுக்குக் கூலி அல்லாஹ்க்கிட்ட இரிக்கி.”

ராத்தா கடிதத்தை வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். நான் பின்னால் ஓடினேன். கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தார், கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

“என்ட கூலிக்குப் பதிலா எனக்கே ஸதக்கா, தருமம் தந்திரிக்கான் புள்ள” என்றார். “உன்ட கையால.”

நான் அழுதேன். அவர் என்னை அணைக்கவுமில்லை, ஏசவுமில்லை. “அழாத. ஒருநாள் உன்னால எனக்கு ஆக வேண்டிய வேலை ஒண்டு வரும். அப்ப செஞ்சி தா” என்று மட்டும் சொன்னார்.

வேலையை விட்டெறிந்துவிட்டுப் போயிருக்கலாமே என்று கேட்பவர்கள் இத்தா முடிந்து ராத்தா குடிவந்த தகரக் கொட்டிலில் மூன்று வயதுப் பிள்ளையோடு இருந்து பார்த்துவிட்டுக் கேட்கட்டும். ராத்தா நின்றார். நின்று, கடிதத்தில் எழுதியிருந்தபடியே வேலை செய்தார்.

எங்கள் ஒபிஸில் எட்டரைக்கு வருவது மட்டும்தான் சட்டம், போவதற்குச் சட்டமில்லை. வெளிநாட்டிலிருந்து ஆள் வருகிறார், அறிக்கை அனுப்ப வேண்டும், படம் காட்ட வேண்டும் என்று ஏழு, எட்டு மணி வரை இருத்திவைப்பார்கள். மேலதிக நேரத்துக்குச் சம்பளம் கேட்டால், இது மனிதாபிமான வேலை என்று பதில் வரும். மனிதாபிமானம் முழுக்க எங்கள் தலையில்தான். கொழும்பிலிருந்து வந்தவர்களுக்கு அதே வேலைக்கு இரண்டு மடங்கு சம்பளம், வீடு, வாகனம்.

ராத்தா மட்டும் நாலரைக்கு எழும்பிவிடுவார். கோடு பாதியில் இருந்தால் பாதியில் நிற்கும். சுவரைப் பாதி வரைந்து, கதவு போடாமல் விட்டுவிட்டுப் போன நாட்களும் உண்டு. கபூர் வேண்டுமென்றே நாலு இருபத்தைந்துக்குத் தாள்கட்டோடு வருவான்.

“ஜுனைதா, இது இண்டைக்கே வேணும்.”

“நாலரை ஆச்சி காக்கா. நாளைக்கு எட்டரைக்குச் செஞ்சி தாறன்.”

சத்தம் போட மாட்டார், முகம் சுளிக்க மாட்டார். பென்சிலைச் சீவி மூடியைப் போட்டுப் பையில் வைப்பார். ஒபிஸில் அவருக்கு நாலரை ராத்தா என்று பேர் விழுந்துவிட்டது. கபூருக்கு அவரை நிறுத்தவும் முடியவில்லை. எட்டரையிலிருந்து நாலரைக்குள் மற்றவர்கள் இரண்டு நாளில் செய்கிற வேலையை முடித்துவிடுவார், ஒரு கோடு பிசகாது. நிறுத்துவதற்கு ஒரு காரணமும் கொடுக்காமலிருப்பதே ஒரு பழிவாங்கல்தான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அடுத்த வருடம் பழைய வரைபடங்களை அடுக்கி வைக்கச் சொன்னார்கள். நானும் ராத்தாவும் அலுமாரியைத் திறந்தோம். இருநூற்றுப் பன்னிரண்டு தாளிலும் மூலைக் கட்டத்தில் ‘வரைந்தவர்: அ. கபூர்’ என்று இருந்தது. கீழே அழகான கையொப்பம். கோப்பு அறையில் அவனுடைய டைம் சீட்டையும் தேடிப் பார்த்தேன். மற்ற ஒருவருக்கும் கொடுக்காத மேலதிக நேரத்தை, வரைபடம் வரைந்ததாகச் சொல்லி, ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை நாள் தவறாமல் எழுதி எடுத்திருந்தான். மலசலகூடத்தைத் திருப்பிய யோசனைக்காக வெளிநாட்டுப் பணிப்பாளர் எழுதிய பாராட்டுக் கடிதமும் அவன் பெயருக்குத்தான். அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்தான். அதற்குக் கீழே உட்கார்ந்துதான் எங்களுக்கு லீவு வெட்டுவான்.

“இப்பவே போய்ச் சொல்லுவம் ராத்தா” என்றேன்.

அவர் ஒரு தாளை வெளிச்சத்தில் பிடித்துச் சின்ன அம்பைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு முதன்முறையாகச் சிரித்தார்.

“ஏறட்டும் புள்ள. நல்லா உசரத்துக்கு ஏறட்டும். ஒரு தாளும் துலையாமப் பாத்துக்க” என்றார்.

நான் பார்த்துக்கொண்டேன். கறையான் வந்தால் மருந்து போட்டேன், மழைக் காலத்தில் பொலித்தீன் சுற்றினேன். சண்டை திரும்பவும் மூண்டது. சோதனைச் சாவடிகள் கூடின, கடையடைப்பும் ஆள் காணாமல் போவதும் வழக்கமாயின. ஆறு மணிக்குப் பிறகு வீதியில் நாய்தான் நிற்கும். அப்போதும் கபூர் ஆட்களை ஏழு மணி வரை இருத்தி வைத்தான். பிறகு எல்லோரும் நாலரை ராத்தாவைப் பார்த்து நாலரைக்கு எழும்பத் தொடங்கினார்கள். அவன் ராத்தாவைப் பார்த்த பார்வையில் விசம் இருந்தது. ராத்தா அவனுக்கு ஸலாம் சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டாயிரத்து ஒன்பது மேயில் யுத்தம் முடிந்தது. வீதியில் வெடி கொளுத்தினார்கள். நிறுவனத்துக்கு எங்கள் கரையில் இருந்த அக்கறையும் அதோடு முடிந்தது. எல்லாம் வடக்குக்கு. ஜனவரி கடைசியோடு கல்முனை ஒபிஸ் மூடப்படும், கபூர் பிராந்திய முகாமையாளராக வவுனியாவுக்குப் போகிறான் என்று அறிவித்தல் வந்தது. எங்களுக்கெல்லாம் ஒரு கடிதம் கொடுத்தார்கள். ராத்தாவின் கடிதத்தில், சேவைக் காலம் நான்கு வருடம் எட்டு மாதம், ஐந்து வருடம் பூர்த்தியாகாததால் பணிக்கொடை இல்லை என்று இருந்தது. அந்த மூன்றரை மாதத்தைச் சேர்த்தால் ஐந்து வருடமும் பதினொரு நாளும் வரும்.

“இதுதான் அந்த நாளா ராத்தா?” என்று கேட்டேன்.

“ஓம். காசு வந்தா நல்லம், ஸம்றாட படிப்புக்கு ஆகும். ஆனா நான் அந்த மூண்டரை மாசமும் கையேந்தின ஆள் இல்ல, வேலை செஞ்ச ஆள் எண்டு அவன்ட வாயால வரணும். அதுக்குத்தான் இருந்தன்.”

தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்தார். விசாரணைக்கு நாள் குறித்தார்கள். தொழில் அதிகாரி கோணாமலை என்ற பெரியவர். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டே கண்ணாடியைத் தேடுகிற மனிசர், ஆனால் ஒரு சொல்லையும் தவறவிடமாட்டார். நிறுவனத்தின் பக்கம் கபூரும், கொழும்பிலிருந்து வந்த ஒரு மனிதவள அதிகாரியும். அந்த அம்மாவுக்கு ஓரளவு தமிழ் வரும். நான் சாட்சி.

ராத்தா தான் இருநூற்றுப் பன்னிரண்டு வீடு வரைந்ததாகச் சொன்னார். கபூர் சிரித்துக்கொண்டே நாலு படிவத்தையும் மேசையில் வைத்தான்.

“சேர், இவ பயனாளி. பாவம், அந்த நேரம் மனநிலையும் சரியில்ல. அந்த வரைபடமெல்லாம் நான் வரைஞ்சது. இந்தா என்ட டைம் சீட், இந்தா வரைபடம். ஒவ்வொண்டுலயும் என்ட கையொப்பம் இரிக்கி.” தன் கையாலேயே தாள்கட்டைத் தூக்கி வைத்தான். நான் நாலு வருடம் கறையானிடமிருந்து காப்பாற்றிய கட்டு.

கோணாமலை ஐயா ஒரு தாளைப் பிரித்தார். “இது வடக்கு. இந்த ரெண்டாவது அம்பு என்ன?”

கபூர் தடுமாறவில்லை. அந்தப் பாராட்டுக் கடிதத்தைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறவனுக்கு அது தெரியாமலிருக்குமா? “அது கிப்லா சேர். நாங்க தொழுற திசை. எங்கட ஆக்கள்ற கக்கூசு அந்தப் பக்கம் பாக்கப்படாது. அந்த யோசனையே என்டதான். நானே திசைகாட்டி வெச்சிப் போட்ட அம்பு” என்றான்.

“எல்லாத் தாளிலயும் நீங்கதான் போட்டதா?”

“ஓம் சேர். ஒண்டொண்டா.”

ராத்தா பையைத் திறந்து திசைகாட்டியை எடுத்தார். தாளை வடக்குக்கு நேராகத் திருப்பிவைத்து அம்பின் மேல் திசைகாட்டியை வைத்தார்.

“கபூர் காக்கா, நீங்க அஞ்சு நேரமும் பள்ளிவாசல்ல முதல் ஸப்புல, முன் வரிசையில நிண்டு தொழுறவர். கல்முனையில எந்தப் பள்ளி இப்பிடிப் பாக்குது?”

கபூர் குனிந்து பார்த்தான். கொஞ்ச நேரம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அவன் முகத்தில் அது விளங்கி வந்ததை நான் கண் இமைக்காமல் பார்த்தேன். இன்றைக்கும் மனம் சரியில்லாத நாட்களில் அதை நினைத்துப் பார்ப்பேன்.

“அது... சின்னப் பிழை” என்றான்.

“ஒரு தாளிலயா? இருநூற்றிப் பன்னிரண்டையும் பிரிங்க சேர். எல்லாம் அதே பதினெட்டுப் பாகை பிழை. மே ஒன்பதுக்குப் பிறகு நான் ஒபிஸ்ல வரைஞ்சதையும் பாருங்க, அதுல எல்லாம் சரி.” ராத்தா குரலை உயர்த்தவே இல்லை. “சொல்லுங்க காக்கா. இத நீங்க வரைஞ்சிருந்தா, உங்களுக்குக் கிப்லா எந்தப் பக்கம் எண்டு தெரியாது. தெரியுமெண்டா, நீங்க வரையல்ல. ரெண்டுல எது?”

அவன் மனிதவள அதிகாரியைப் பார்த்தான். அந்த அம்மா டைம் சீட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். கிப்லா தெரியாதென்று முதல் ஸப்பை விட்டுக்கொடுத்தால் ஊரில் தலை நிமிர முடியாது, வரைபடத்தை விட்டுக்கொடுத்தால் எழுதி எடுத்த மேலதிக நேரம் அத்தனையும் களவு. கோணாமலை ஐயா பேனாவை மூடிவைத்துவிட்டுக் காத்திருந்தார்.

“இந்தப் பிழை எங்க இருந்து வந்தது?” என்று பிறகு என்னிடம் கேட்டார்.

ராத்தா என்னைத் திரும்பிப் பார்த்தார். அன்றைக்குக் கிணற்றடியில் சொன்ன வேலை இதுதான். நான் நெல் அறையைச் சொன்னேன், சுவரோடு விரித்த பாயைச் சொன்னேன், அந்தப் பாயில் நானும் பிழையாகத் தொழுததைச் சொன்னேன். மடித்த படிவத்தையும் ‘ஒபிஸ் வழக்கம்’ என்று நான் சொன்ன பொய்யையும் சொன்னேன். ஐயா அடுத்த நாளே சம்மாந்துறைக்குப் போய் அஸீஸா மாமியின் நெல் அறைச் சுவரில் திசைகாட்டியை வைத்துப் பார்த்தார். அதே பாகை.

இரண்டாவது விசாரணையில் கபூர் வாய் திறந்தான். “ஜுனைதாதான் வரைஞ்சது” என்றான். கேட்டும் கேளாத மாதிரி.

“விளங்கல்ல காக்கா” என்றார் ராத்தா.

இன்னொரு முறை சொன்னான். கோணாமலை ஐயா எழுதினார்.

சேவை ஆரம்பம் ஜனவரி இருபது என்று திருத்திய கடிதம் வந்தது. மூன்றரை மாதச் சம்பளமும் பணிக்கொடையும் வந்தன. பயனாளி இலக்கம் முன்னூற்றுப் பதினேழு சிவப்பு மையால் வெட்டப்பட்டது. பொய் நேரம் எழுதியதற்காகக் கபூரை நிறுத்திவிட்டார்கள், வவுனியாவும் போயிற்று. ஊரில் ஒரு கூட்டம் மன்னிக்கச் சொல்லி வந்தது. மறுமையில் பார்த்துக்கொள்ளலாமாம். ஒபிஸில் செய்ததுக்கு ஒபிஸில்தான் பார்க்க வேண்டும், மறுமைக்கு இழுத்தடிக்க நான் யார் என்று ராத்தா கேட்டார்.

ஏப்ரலில் கபூரின் மனைவி வந்தாள். இன்னொரு நிறுவனத்தில் வேலை கேட்டிருக்கிறானாம். ஜுனைதாவுக்கு அவன் மேல் மனக்குறை ஒன்றுமில்லை என்று ஒரு கடிதம் இருந்தால் எடுப்பார்களாம். ராத்தா யோசித்தார்.

“நாங்களே வீட்டுக்கு வாறம் எண்டு சொல்லுங்க” என்றார்.

ஒரு பின்னேரம் போனோம். கபூர் இடுப்பில் கட்டிய சாரத்தோடு வாசலுக்கு வந்தான், இருக்கச் சொன்னான், தேநீர் வந்தது. நான் கையில் கொண்டுபோன பொதியை மேசையில் வைத்தேன். சும்மா வெறுங்கையோடு வராத மரியாதை என்று நினைத்திருப்பான், முகம் மலர்ந்துவிட்டது. ராத்தா கைப்பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து, கையொப்பக் கோடு மேலே தெரிகிற மாதிரி அவன் முன்னால் வைத்தார். தன் பேனாவையும் கொடுத்தார்.

“நான் என்னத்துக்குக் கையொப்பம் வைக்கிற?” என்றான்.

“சும்மா காக்கா. ஒபிஸ் வழக்கம்” என்றேன் நான்.

வைத்தான். அதே அழகான கையொப்பம். ராத்தா தாளை எடுத்து விரித்து அவன் பார்க்கும்படி பிடித்தார். என் பழைய கோப்பில் மிஞ்சியிருந்த படிவம். பயனாளியின் பெயர்: அ. கபூர். அரிசி, பருப்பு, சீனி, பால்மா, சவர்க்காரம், சேலைக்குப் பதிலாக ஒரு சாரம். ஒன்றும் குறையவில்லை, கடையில் நின்று நாங்களே பார்த்துப் பார்த்து வாங்கியது.

அவன் பொதியையும் படிவத்தையும் மாறி மாறிப் பார்த்தான். உள்ளே திரைச்சேலைக்குப் பின்னால் மனைவி நிற்பது தெரிந்தது.

“அப்ப... அந்தக் கடிதம்?” என்று கேட்டான்.

ராத்தா படிவத்தை மடித்துப் பையில் வைத்தார். பேனாவை வாங்கி மூடியைப் போட்டார். கை மணிக்கூட்டைப் பார்த்தார்.

“நாலரை ஆச்சி காக்கா. நாளைக்கு எட்டரைக்கு ஒபிஸுக்கு வாங்க, எழுதித் தாறன்.”

அந்த ஒபிஸின் பெயர்ப்பலகையைக் கழற்றி அப்போது இரண்டு மாதம்.